போதும்பொண்ணு என்றொரு சிறுகோள்

என் அருமை அக்கா போதும்பொண்ணுவுக்கு,

முழுப் பெயரையும் எழுதிவிட்டேன், பார்த்தாயா? சுருக்கினால் உனக்குப் பிடிக்காது. "பொண்ணுன்னு கூப்பிடாத, முழுசா சொல்லுடா" என்பாய்.

சேதி இதுதான். நீ கண்டுபிடித்த சிறுகோளுக்கு எண் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே அது சுற்றும் பாதை உறுதியாகிவிட்டதாம். பள்ளிக்கூட வேலை இல்லாத ஞாயிறுகளில், லேப்டாப்பில் தொலைநோக்கிப் படங்களை மாற்றி மாற்றிப் போட்டு, நகரும் புள்ளியைத் தேடுவாயே, அதில் அகப்பட்டது. உப்புக் கொட்டகையில் தூசு பொறுக்கும் அம்மா மாதிரியே குனிந்து உட்கார்ந்திருப்பாய். உன்னோடு தேடிய குழுவினர்தான் எழுதியிருக்கிறார்கள். பெயர் வைக்கும் உரிமை உன்னுடையது. நீ இல்லாததால் வீட்டார் சொல்லலாமாம்.

உன் பெயரைத்தான் வைப்பேன் என்றேன். அம்மா பதறிவிட்டாள்.

"ஐயோ, அந்தப் பேரு வேணாம்பா. மானம் போயிடும். கவிதா, கலைவாணின்னு எதுனா நல்ல பேரா வெய்யி."

பெயரோடு அதன் காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். அதுதான் அவளுக்குப் பயம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது, இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்ல வைத்த பெயர் என்று ஊர் உலகத்துக்கு எப்படிச் சொல்வது? அடுத்து நான் பிறந்தேன். "பேரு வெச்ச ராசி" என்று என்னைத் தூக்கிக் கொஞ்சியவர்கள் உன்னைத் திரும்பிப் பார்த்தார்களா, அக்கா?

நீ திண்டிவனத்தில் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்தபோது பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். "நான் எதுக்குடா மாத்தணும்? வெச்சவங்க வெக்கப்படட்டும்" என்று சிரித்தாய். அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

இந்த முறை மரக்காணத்தில் மழை முந்திக்கொண்டது. உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீர். அம்மாவுக்கு வேலை இல்லை. நேற்று மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடா எழுதுற?"

"அக்கா பேருதாம்மா. ஏன் வெச்சாங்கன்னு எப்படி எழுதறதுன்னு தெரியல."

தாளை எட்டிப் பார்த்தாள்.

"போதும்னு நெனச்சது நாங்க. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. அப்படியே எழுது. பெத்தவ நான்தான் வெச்சேன்னும் எழுது."

எழுதினேன். அவள் அழுதாள், நானும்தான்.

பெயர்களை முடிவு செய்கிறவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா, தெரியாது. திருப்பி அனுப்பினாலும் வேறு பெயர் சொல்லமாட்டேன் அக்கா, இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் பெயரைச் சொல்லிப் பிறந்த உன் தம்பி