தோல் பை வெளியே இருக்கட்டும்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி நேராகத்தான் புறப்படுகிறது. தாளின் அந்தக் கடைசிக்குப் போவதற்குள் மாடிப்படி ஏறிவிடுகிறது. சில எழுத்துகள் குண்டு, சில எழுத்துகள் நோஞ்சான். எழுபதைத் தாண்டிய பிறகு பேனா பிடித்தவனின் கை வேறு எப்படி எழுதும்? ஒரு மன்னிப்புப் போதும். இதற்குக் கீழே வரப்போகிற எதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

சமூக மன்றத்து எழுத்து வகுப்பில் டீச்சரம்மா, "யாருக்காச்சும் ஒரு கடிதம் எழுதிட்டு வாங்க, மனசுல இருக்கிறத எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள். நான் என் பழைய கூட்டாளி உன்னைத் தேர்ந்தெடுத்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தவரைக்கும் என்னை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விட்டதில்லை நீ. இப்போது பார், நான் எவ்வளவு மெதுவாக எழுதினாலும் குறுக்கே பேச உனக்கு வழியில்லை. திட்டுவதற்கு எழுத்து இத்தனை வசதி என்று தெரிந்திருந்தால் எப்போதோ கற்றிருப்பேன். ஒரு வரி எழுதுகிறேன், நிமிர்ந்து பார்க்கிறேன், சிரிக்கிறேன், அடுத்த வரிக்குப் போகிறேன். கோப்பி ஆறிக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

மேசைமேல் உன் கேமராவின் கழுத்துவார் காய்கிறது. முந்தாநாள் உன் மனைவி கூப்பிட்டு, கேமராவையும் உன் தோல் பையையும் என்னிடம் கொடுத்தாள். ஃபேரர் பார்க் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பையை நெஞ்சோடு அணைத்து ஓடினேன், பழக்கதோஷம். பையின் வாயில் தொங்கிய வார் மட்டும் நன்றாக நனைந்துவிட்டது. பூன் லேயில் என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, வாரைக் கழற்றிக் காயப் போட்டேன். மின்விசிறிக் காற்றில் ஒரு வாசம் எழுந்தது.

எனக்குத் தெரிந்த வாசம். மழை நாளில் உன் பை விடும் அதே வாசம். எத்தனை வருஷம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்!

எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? கோயில் வாசலில். செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். வாரம் முழுக்க சாங்கி விமான நிலையத்தில் சரக்கு தூக்குவேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் உன் பையைத் தூக்குவேன். சிராங்கூன் ரோடு முழுக்க நீ கல்யாணப் படம் எடுத்த காலம் அது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஃபிலிம் ரோலைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நீ உள்ளே போவாய். நானும் பின்னால் ஒரு காலை எடுத்து வைப்பேன்.

"எங்க வர்றே? பை தோலு லா. தோலை உள்ள கொண்டுவரக் கூடாது. இங்கேயே இரு, பாத்துக்க."

"எல்லாரும் பெல்ட்டு கட்டிக்கிட்டுத்தானே போறாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெல்ட்டு வேற, பை வேற. உனக்கென்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. படித்தவன் நீ. எனக்கு வரும் கடிதங்களை நீதான் படித்துச் சொல்வாய், அதிலும் பாதியை விழுங்கிவிட்டு. நீ சொன்னால் அது சட்டம். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் தங்கை மகளின் கல்யாணத்தைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதி என்ன பயன். நான் தாய்மாமன். பட்டு வேட்டி கட்டியிருந்தேன். பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தது நான். பையை வாசலில் தோரணம் கட்டுகிறவரிடம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அட்சதையைக் கையில் கொடுத்தார்கள். தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் காட்டி வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து நீ கேமராவிலிருந்து முகத்தை எடுத்தாய்.

"பையை யாரு பாக்கறா?"

சபையில் கேட்டாய். நாதஸ்வரக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் வெளியே வந்தேன். வந்து உட்காரவும் கெட்டி மேளம் கேட்கவும் சரியாக இருந்தது. கையில் அட்சதை. எங்கே போடுவது? கோயில் பக்கமாகத் திரும்பி வீசினேன். எல்லாம் செருப்புகள் மேல் விழுந்தது. மஞ்சள் அரிசியோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்கள், "இது யாரு வேலை?" என்று திட்டிக்கொண்டே போனார்கள்.

ஆல்பம் வந்தபோது என் தங்கை பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "தாலி கட்டுறப்ப அண்ணன் எங்கே?" என்றாள். நீ அவளிடம், "அவன் வெளிய போயிட்டான்மா, என்ன அவசரமோ" என்றாய். என் முன்னாலேயே சொன்னாய்.

விமானம் ஏறி வெளியூர் போனாலும் இதே கதை. நீ படம் எடுக்கப் போகும் யாத்திரைக் கூட்டத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனை முறை வந்திருக்கிறேன். அங்கே ஆற்றங்கரையில் ஒரு பெரிய கோயில். வெளிச்சுவர் எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது, எந்த நேரத்தில் நிழல் எதுவரை வரும், எல்லாம் தெரியும். உள்ளே போய்விட்டு வருகிறவர்கள் ஒரு மாதிரி முகத்தோடு வருவார்கள். பேச்சே இருக்காது. ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பை மாட்டுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார், கண்ணைத் துடைத்துத் துடைத்து. நீ வந்ததும் கேட்டேன்.

"உள்ள என்ன லா இருக்கு?"

"கல்லுதான். வேற என்ன?"

"நான் ஒரு எட்டுப் போய் பாத்துட்டு வரவா?"

"பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், கேக்கல? அடுத்த தடவை பாக்கலாம்."

கல்லுதான் என்றால் எதற்கு அத்தனை ரோல் எடுத்தாய்? அடுத்த தடவை, அடுத்த தடவை என்று சொல்லியே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அதனால்தான் வாரின் வாசம் மூக்கில் ஏறியதும் அதை எடுத்து இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன். உன் மனைவிக்கு உடனே போன் போட்டேன்.

"இந்தக் கழுத்துவார் எதுல செஞ்சது தங்கச்சி?"

"தோலுண்ணே. நாந்தான் வாங்கிக் குடுத்தேன், கல்யாணமான புதுசுல. ஏண்ணே?"

"இதைப் போட்டுக்கிட்டா கோயிலுக்குள்ள போனான்?"

"கழட்டவே மாட்டாரே. குளிக்கறப்ப மட்டுந்தான் கழட்டுவாரு." சிரித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். "பை உங்ககிட்ட இருந்தாத்தான் நிம்மதியா படம் எடுக்க முடியும்னு சொல்வாருண்ணே. வேற யாரையும் நம்ப மாட்டாரு."

இது பாராட்டா? நல்ல பூட்டைக் கூட இப்படித்தான் பாராட்டுவார்கள். பூட்டும் வாசலோடு நின்றுவிடும்.

உன் கழுத்தில் கிடந்த தோலைச் சாமி ஏற்றுக்கொண்டது. என் மடியில் இருந்த தோல்தான் ஆகவில்லை. பை திருடு போய்விடும் என்று பயம், அவ்வளவுதானே? பயமாக இருக்கிறது, நீ வெளியே இரு என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். நடுவில் சாமியை எதற்கு இழுத்தாய்?

சரி, இப்போது சந்தோஷமான சேதி. எங்கள் வகுப்பு முதியவர்கள் எல்லாரும் சேர்ந்து தஞ்சாவூர்ப் பக்கம் போகிறோம். அதே கோயிலுக்கும் போகிறோம். மூலவரை மட்டும் எடுக்கக் கூடாதாம். பிராகாரத்தில் படம் எடுக்கலாமாம். உன் கேமராவோடு நான் உள்ளே போகப் போகிறேன். இந்த வயதில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு ஒரு பை வேண்டும். என்னை வாசலில் நிறுத்த யாருக்கும் ஒரு சாக்கும் கிடைக்காத பை.

நேற்று சிராங்கூன் ரோட்டில் பைக்கடைக்குப் போனேன். கேமராவைச் சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். விற்கிற பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். கேமராவைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுக்கு பேக் வேணாம், மியூசியம் வேணும் லா" என்றார்.

"மியூசியத்துல என்னைச் சேத்து வைப்பாங்கன்னா சொல்லு, ரெண்டு பேரும் போறோம்" என்றேன். அவருக்கு என்னைப் பிடித்துப் போய்விட்டது.

முதலில் முதுகில் மாட்டும் பையைக் காட்டினார். உள்ளே மெத்தை வைத்த அறைகள், மழை வந்தால் மூட ஓர் உறை. நல்ல பைதான். ஆனால் கோயில் கூட்டத்தில் முதுகுக்குப் பின்னால் யார் ஸிப்பைத் திறக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்தது கறுப்பாக, சதுரமாக, பார்த்தவுடனே உள்ளே கேமரா என்று ஊருக்கே சொல்லும் பை. வேண்டாம் என்றேன். மூன்றாவது பையைத் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

"அங்கிள், பேக்கைப் போய் மோந்து பாக்கிறீங்க!"

"தோலா இருந்தா ஆகாதும்மா. கோயிலுக்குள்ள கொண்டு போகணும்."

அவர் தன் தோளில் தொங்கிய கைப்பையைத் தட்டிக் காட்டினார். "இதுவும் தோலுதான். வெள்ளிக்கிழமையானா இதோட தான் போறேன். ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லையே!"

கேட்டாயா? நன்றாகக் கேட்டுக்கொள்.

கடைசியில் காக்கி நிறத்தில் கெட்டித் துணிப் பை ஒன்று கிடைத்தது. குறுக்கே மாட்டினால் வயிற்றுக்கு முன்னால் நிற்கிறது. ஒரு கையால் திறந்து மறு கையால் கேமராவை எடுக்கலாம். விமானத்தில் இருக்கைக்கு அடியில் போகும். மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவன் பை போல இருக்கிறது. திருடன் திரும்பியும் பார்க்க மாட்டான். கேமராவை உள்ளே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன், ஆடவில்லை.

"உக்காந்து மடியில வச்சுப் பாருங்க அங்கிள்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இது உக்கார்றதுக்கான பை இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, கடைக்குள்ளேயே நாலு சுற்று நடந்தேன்.

கண்ணாடியில் பார்த்தபோது என் இடது தோள் இறங்கியிருந்தது தெரிந்தது. நீ விட்டுப்போன சொத்து அது. அதை எங்கேயும் கழற்றி வைக்க முடியாது, கூடவேதான் வரும். புதுப் பையை வலது தோளில் மாட்டினேன். இடது தோள் உன்னிடம் பட்டது போதும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பையைக் கொடுக்கும்போது உன் மனைவி ஒன்று சொல்லியிருந்தாள்: "ரெண்டையும் பிரிக்காதீங்கண்ணே. எங்க போனாலும் சேத்தே எடுத்துட்டுப் போங்க, அவரே வர்ற மாதிரி இருக்கும்." அவள் சொல்லைத் தட்ட மாட்டேன். உன் தோல் பையும் வருகிறது. பெட்டிக்குள் என் வேட்டிகளோடு வருகிறது.

அடுத்த வாரம் அந்தக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவேன். அதன் பக்கத்தில் உன் பையை வைப்பேன். காலிப் பைதான், காவலுக்கு ஆள் வைக்க மாட்டேன். கழுத்துவாரையும் சுருட்டி அதற்குள் போட்டுவிடுவேன். நீ அங்கே உட்கார். செருப்புகளைப் பார்த்துக்கொள். வெயில் ஏறினால் நிழல் எதுவரை வரும் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தில்தான் வைப்பேன். பஸ்காரன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், நான் நிதானமாகச் சுற்றிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வெளியே வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே என்ன இருந்தது என்று ஒன்று விடாமல் உனக்கு எழுதுவேன்.

அதுவரைக்கும் உன்னை யாராவது கேட்டால் கல்லுதான் என்று சொல்லிக்கொண்டிரு.