உம்ம அரைமணி நேரமும் என் ஆர்மோனியப் பெட்டியும்

இன்று சாயங்காலம் பூங்கா ரேடியோவில், உம்முடைய அரைமணி நேரத்தில், ஒரு மனிதர் பருத்திக் காய்ப்புழுவைப் பற்றிப் பேசினார். சங்கீதத்தை எடுத்துவிட்டார்களாம். இனிமேல் அந்த நேரம் குடியானவர்களுக்காம். புழு முட்டையிடுவது, குஞ்சு பொரிப்பது, காயைத் துளைப்பது என்று அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். மூச்சு எங்குமே முட்டவில்லை. உம்மைவிட நெஞ்சு பலமுள்ளவர் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்னதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. செத்தவரைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர். நினைக்கலாம். உம்மைப் பற்றி நினைக்கலாம்.

நீர் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ராஜபாளையம் கடைத்தெருவில் உம்ம ஜவுளிக்கடையைத் தாண்டித்தான் நான் வேலை பார்க்கும் பஞ்சு ஆலைக்குப் போக வேண்டும். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்த வாசலைப் பார்க்காமல் எதிர்ச்சாரியில் நடந்து போகிறேன். நீர் உயிரோடு இருந்தபோது பழகின வழக்கம், இன்னும் விடவில்லை.

நம்முடைய கச்சேரிகளைப் பற்றி இந்த இரண்டு ஊரும் என்ன பேசின என்பது உமக்குத் தெரியும். பாட்டும் பெட்டியும் பேசிக்கொள்கின்றன என்றார்கள். நீர் விருத்தம் பாடும்போது ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்துவீர். நிறுத்திய அடியை நான் ஆர்மோனியத்தில் பிடித்து, நீட்டி, வளைத்துக் கொண்டுவந்து உம்ம கையில் கொடுப்பேன். நீர் சிரித்துக்கொண்டே அடுத்த அடியை எடுப்பீர். சபை ஆகாகாரம் போடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு வாசிக்கிற என்னைச் சங்கீத வித்துவான் என்று கல்யாண வீடுகளில் நாற்காலி போட்டு உட்காரவைத்தது அந்த இடம்தான். நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டவன் இல்லை.

அந்த இடத்தில் நீர் ஏன் நிறுத்துவீர் என்பது நம் இருவருக்கும் உம்ம வீட்டம்மாளுக்கும் மட்டுமே தெரியும். அய்யனார் கோவிலுக்கு நாம் போயிருந்த அன்றைக்கு நான் கண்டுபிடித்தேன். அருவியில் குளித்துவிட்டு வந்து பாறையில் உட்கார்ந்தீர். உட்கார்ந்தவர் எழவில்லை. நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் சத்தம். உதடு நீலம் பாரித்துவிட்டது. இளைப்பு. சின்ன வயதிலிருந்தே உண்டு என்றீர். பேச்சு வந்ததும் முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்.

"வெளிய சொல்லிராதீரும். எனக்கு ரெண்டும் பொட்டப்பிள்ளைக. இளைப்புக்காரன் வீட்டுல எவன்வே பொண்ணெடுப்பான்?"

அப்போது உம்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தது என்று நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. சொல்லமாட்டேன் என்றேன். சொல்லாமல் இருந்தது மட்டுமா? மூச்சு முட்டும்போது உம்ம இடதுகைப் பெருவிரல் மோதிரத்தைத் திருகும். அதைப் பார்த்ததும் நான் துருத்தியை அமுக்கிவிடுவேன். உம்ம நெஞ்சுச் சத்தம் சபைக்குக் கேட்காமல் இருக்கத்தான் அந்த இடத்தில் அவ்வளவு பலமாக வாசித்தேன். வித்தை என்று ஊர் நினைத்தது.

பிறகு ரேடியோ நிலையம் உம்மைக் கூப்பிட்டது. மாதம் ஒரு நாள், சாயங்காலம் அரைமணி நேரம். ராஜபாளையத்தில் நீர் ரயில் ஏறுவீர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பெட்டியோடு ஏறிக்கொள்வேன். நாம் வாசிப்பதை உம்ம ஊர்ப் பூங்காவில், நகரசபை வைத்த ரேடியோவில் கூட்டம் கூடிக் கேட்டது. தறிக்காரர்களும் மில் ஆட்களும் வேலை முடிந்து அழுக்குத் துணியோடு வந்து புல்லில் உட்கார்ந்து கேட்டார்கள். ரேடியோ கமிட்டித் தலைவர், பஞ்சு வியாபாரி, அவருக்கு அன்றைக்கு மாப்பிள்ளை முறுக்கு.

அப்புறம் நிலையத்தில் சட்டம் மாறியது. ஆர்மோனியம் இனி ரேடியோவில் கேட்கக் கூடாது. ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகம் அதில் பேசாது, அது வெள்ளைக்காரன் பெட்டி, நம் சங்கீதத்தைக் கெடுக்கிறது என்று பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டார்களாம். சொன்னவர்கள் யாரோ எவரோ, அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. உம்மோடுதான் பேச்சு. இந்தச் செய்தி உமக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வாரா வாரம் என்னைப் பார்க்கிறீர், காப்பி சாப்பிடுகிறீர், வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு வழக்கம்போல் ரயிலடியில் பெட்டியோடு நின்றேன். வண்டி வந்தது. உம்ம பக்கத்தில் ஒரு மிருதங்கக்காரர். என் இடத்தில் ஒரு வெற்றிலைச் செல்லம். பெட்டியை ஜன்னல் வழியாக நீட்டினேன். நீர் வாங்கவில்லை.

"இனி பெட்டி கூடாதுங்கான். பிடில் அவனே தாரான். நீரு வீட்டுக்குப் போம்."

இதை நேற்றே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். நீர் எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டீர். பிறகு, கமகம் பேசாது என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றீர். பெட்டி சர்ச்சுக்குச் சரி, சங்கீதத்துக்கு ஆகுமா என்றீர். அந்த மிருதங்கக்காரர் கேட்கும்படியாகச் சொன்னீர். வண்டி போய்விட்டது. சுமைகூலிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன். சட்டம் போட்டவர்களைக்கூட ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். உம்ம ‘நியாயம் இருக்கிறது’ என்ற சொல்லை எப்படி மன்னிப்பது?

மறுநாள் சாயங்காலம் ராஜபாளையம் பூங்காவுக்கு நான் வந்தேன். எதற்கு வந்தேன் என்று ஒளிப்பானேன், நீர் தோற்பதைக் கேட்க வந்தேன். முதல் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. பிறகு விருத்தம் எடுத்தீர். மூன்றாவது அடியில் நிறுத்தினீர். மோதிரத்தைத் திருகியிருப்பீர், எனக்குத் தெரியும். பிடில்காரருக்கு அது எப்படித் தெரியும்? பாடுகிறவர் நிறுத்தினால் தானும் நிறுத்துவது மரியாதை என்று பழகினவர், வில்லை எடுத்துவிட்டார். விருத்தத்துக்கு மிருதங்கமும் கிடையாது. தம்புராவின் ரீங்காரம் மட்டும் கேட்டது. அதற்கு நடுவில் கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம்.

ரேடியோ கரகரக்கிறது என்றார்கள். யாரோ நகரசபைச் சேவகரைக் கூப்பிட்டார். அவர் ரேடியோக் குமிழைத் திருகினார், சத்தம் போகவில்லை. ரேடியோவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். கம்பியை அசைத்துப் பாருங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அத்தனை பேருக்கு நடுவில் அது உம்ம நெஞ்சு என்று தெரிந்தவன் நான் ஒருவன். சந்தோஷப்பட வந்தவன், தொடைமேல் விரலை வைத்து, நீர் விட்ட அடியை வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒரு குரல் வந்தது. இசைத்தட்டு ஒன்றைப் போட்டார்கள். அதன்பிறகு நிலையம் உம்மைக் கூப்பிடவே இல்லை.

இதோடு விட்டிருந்தால் நான் உம்மைப் பார்க்க வந்திருப்பேன். ஆனால் நீர் ஊர் திரும்பியதும் கமிட்டித் தலைவரிடம் என்ன சொன்னீர்? அடிக்கு அடி இட்டு நிரப்பி என்னைப் பாடகன் இல்லாமல் ஆக்கியவன் அந்த ஆர்மோனியக்காரன் என்றீர். அவன் கெடுத்த பழக்கத்தால் மைக் முன்னால் நின்றுபோனேன் என்றீர். தலைவர் வாயில் விழுந்த பேச்சு கடைத்தெருவுக்கு வர எவ்வளவு நேரமாகும்? வன்னியம்பட்டிக் கல்யாணத்துக்கு என்னை வரச் சொன்னவர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்ட வீடுகள் கதவைச் சாத்தின. சர்ச்சில்கூட எங்கள் போதகர், பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாமே என்றார்.

உம்ம கடைக்கே வந்து கேட்டேன். நீர் துணி மடித்துக்கொண்டு, நிமிராமல் பதில் சொன்னீர்.

"வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதீரு? எனக்கு இளைப்புன்னா? வீட்ல ரெண்டு பொண்ணு இருக்குவே."

"அப்ப எனக்குப் பேருன்னு ஒண்ணு கெடையாதா?"

"நீரு தாங்குவீரு."

அதுதான் நீர் என்னிடம் கடைசியாகப் பேசியது. தாங்குவேனாம். சுமைதாங்கிக் கல்லா நான்? அன்றைக்கு மட்டும் நான் கடைவாசலில் நின்று சத்தம்போட்டுச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. உமக்காக இல்லை. கடைக்குப் பின்கட்டு வீட்டிலிருந்து உம்ம மூத்த மகள் எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

போன வாரம் பூங்காவில் உமக்கு இரங்கல் கூட்டம். ரேடியோவை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். தலைவர் பேசினார். எவ்வளவோ உயரத்துக்குப் போயிருக்க வேண்டிய வித்துவான், கூட வாசித்த பெட்டிப் பழக்கத்தால் வீணாய்ப் போனார் என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு பெரிய மனதோடு, அவரும் வந்திருக்கிறார், இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார்.

எழுந்தேன். நீர் போய்விட்டீர், வாக்கும் உம்மோடு போயிற்று, இன்றைக்கு உடைத்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். பெண்கள் பக்கத்தில் உம்ம வீட்டம்மாள் இருந்தார். பக்கத்தில் இளையவள். அந்தம்மாள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கோபத்தால்தான்.

"அவுக நல்லாத்தான் பாடுனாக. நான்தான் எடம் விடாம வாசிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கை தட்டினார்கள். என் பெருந்தன்மைக்காம். இத்தனை வருஷத்தில் பெட்டி இல்லாமல் நான் வாங்கிய கைதட்டு அது ஒன்றுதான்.

கூட்டம் கலைந்தபின் அந்தம்மாள் கிட்டே வந்தார். உங்கள் வீட்டுத் தெலுங்கில் கூப்பிடுவதுபோல் அண்ணையா என்று கூப்பிட்டார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. தை பிறந்ததும் சின்னவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், நல்ல இடம், நீங்களும் வந்து நில்லுங்கள் என்றார். வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல?

பஸ்ஸில் வரும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். சின்னவள் கழுத்தில் தாலி ஏறட்டும். அதோடு உம்ம வீட்டில் கட்டிக்கொடுக்கப் பெண் இல்லை. மறுநாள் காலையில் கடைத்தெரு முனையில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவது. கெடுத்தவன் நான் இல்லை, உம்ம மூச்சை இத்தனை காலம் என் கையால் விட்டவன் நான் என்று சொல்லிவிடுவது. நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று உம்ம வீட்டிலிருந்து ஆள் வந்து கல்கண்டு கொடுத்துவிட்டுப் போனான். நீர் கட்டிக்கொடுத்துவிட்டுப் போன மூத்தவளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது. சுகப்பிரசவம். குழந்தைக்கு உம்ம மூக்காம்.

பெண் குழந்தையாம், பாவி மனுஷா.