மயிலும் சேவலும் எங்கே?

மட்டக்களப்பு,
கந்தசஷ்டி மூன்றாம் நாள்.

அன்புள்ள உதயரூபன் அண்ணனுக்கு,

தங்கச்சி அஜந்தா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மச்சியும் பிள்ளைகளும் சுவிஸ் குளிரில் நோய் நொடியின்றி இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நாளை அங்கே வரும் தனுஷியாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கோயிலில் நான் புராணம் படிக்க, உங்கள் இடத்தில் இருந்து இப்போது பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்வது நம் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் மருமகன். தேர்தலிலும் நிற்கிறார். முந்தாநாள், சூரன் தேவர்களைச் சிறைபிடிக்கும் பாட்டைப் படித்து நிறுத்தினேன். மனிதர் பயன் சொல்கிறார்: "சூரன்ட ஆக்கள் இப்ப வாவிக்கு அங்கால கடை போட்டிருக்கிறானுகள். எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட வேணுமெண்டு முருகனே காட்டிப்போட்டார்." ஐயோ, எனக்குத் தலை கொதித்தது. அங்காலப் பக்கத்து முஸ்லிம் ஊர் ஜிப்ரி காக்காவின் மெஷின்தானே போன மாதம் உங்கள் வயலை உழுதது?

அடுத்த பாட்டைப் படிக்காமல் ஏட்டை மூடினேன். படிப்பவர் நிறுத்தினால் பயன் சொல்பவரும் நிறுத்தத்தானே வேண்டும். "மயிலும் சேவலும் எங்க?" என்று மைக்கிலேயே கேட்டேன். சூரனையே மயிலும் சேவலுமாக்கித் தன்னோடு வைத்துக்கொண்டவன் முருகன், கதையின் உயிரே அதுதான் என்று வருஷா வருஷம் அதே இடத்திலிருந்து சொன்னது நீங்கள்தானே அண்ணன்?

இப்போது வண்ணக்கரின் கட்டளை: சூரசங்காரத்துக்கு முன், மருமகனுக்கே என் வாக்கு என்று நான் சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் ஏடு வேறு ஆளின் கைக்குப் போய்விடுமாம். நீங்களோ, "கோயிலுக்குள்ள அரசியல் பேசாத புள்ள" என்கிறீர்கள். பேசியது நானா? நாட்டின் சட்டத்தில் ஒரு மதத்துக்கு முதலிடம் எழுதியிருக்கிறார்களே என்று பொருமாத நாள் உண்டா உங்களுக்கு? அங்கே ஆட்சிக்குள் சமயம் நுழைந்தால் கசக்கிறது, இங்கே நம் சாமியின் பெயரில் வாக்குக் கேட்டால் இனிக்கிறதா? எனக்கு முருகன் வேண்டும். அதனால்தான் அவரை வாக்குச் சாவடிக்கு இழுக்காதீர்கள் என்கிறேன்.

மழை தொடங்கிவிட்டது. உங்கள் வயல் வட்டையில் பயிர் பச்சையாக நிற்கிறது. விரதம் என்னை ஒன்றும் செய்யவில்லை. வருகிற கோபத்தில் பசியே தெரியவில்லை.

நான் கற்பூரம் அணைக்க மாட்டேன். ஏட்டைப் பறித்தால் பறிக்கட்டும், மயிலும் சேவலும் வரும் பாட்டுகள் எனக்கு மனப்பாடம். சூரசங்காரத்தன்று வீதியில் சனத்தின் நடுவே நின்று படிப்பேன். பயன் சொல்லத்தான் ஆளில்லை.

முருகன் உங்கள் குடும்பத்தைக் கைவிடாமல் காக்கட்டும். படித்து முடித்ததும் உங்களுக்கு அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எடுங்கள் அண்ணன்.

உங்கள் தங்கச்சி,
அஜந்தா