நான் துவைத்த உடுப்பு

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாத்திரை போடச் சொன்னால் மட்டும் வீட்டையும் வார்டாக்காதே என்று முறைக்கிறார். தம்பி ஒழுங்காக வேலைக்குப் போகிறான், சட்டையை இன்னும் கழற்றின இடத்திலேயேதான் போடுகிறான். கடிதம் எதற்கென்றால், நேற்று நான் கோர்ட்டில் சாட்சி சொன்னேன், நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அப்புறம் இரண்டு பேரும் அழுவோம். அதனால் பொறுமையாக முழுதும் படி. அடுத்த மாதம் நீயும் அவசரப் பிரிவில் டூட்டி டாக்டராக உட்காரப் போகிறாய், உனக்கு இது தெரிய வேண்டும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம், தையல் ஆலையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை அவள் அக்கா எங்கள் அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்தாள். உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். அன்று காலை துணிக்கிடங்கில் வைத்து மேற்பார்வையாளன் அவளைப் பலாத்காரம் செய்திருக்கிறான். டூட்டியில் இருந்தவர் கடிகாரம். நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிற டாக்டர் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. போலீஸ் சீட்டு வாங்கிட்டு வாங்க, அது இல்லாம நான் தொட மாட்டேன், நாளைக்குக் கோர்ட்டுக்கு யார் அலையறது என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். சீட்டெல்லாம் வேண்டியதில்லை, வந்தவளுக்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும், அவள் சம்மதித்தால் உடனே சோதித்து மாதிரி எடுக்க வேண்டும், போலீசுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை என்று சட்டமே இருக்கிறது, அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். முதுகில் கண் இருந்தால்தானே அவருக்குத் தெரியும். அக்கா ஸ்டேஷனுக்கு ஓடினாள். அந்தப் பெண் இரண்டரை மணி நேரம், ஸ்ட்ரெச்சர் போய்வருகிற வழியில், பெஞ்சில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நர்ஸ்கள் குளியலறைக்குக் கூட்டிப்போய், வெந்நீர் ஊற்றி, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். என் மாற்று உடுப்பைக் கொடுத்துவிட்டு, அவளுடையதை நானே துவைத்துப் பின்பக்கக் கொடியில் உலர்த்தினேன். முப்பது வருஷ நர்ஸ், எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். தெரிந்திருக்க வேண்டும். குளிக்க வைக்கக் கூடாது, உடுப்பைக் காகிதப் பையில் போட்டு சீல் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பயிற்சி நாளில், வார்டில் ஆள் இல்லையே என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள் நான். அவன் விட்டுப்போன தடயம் அத்தனையையும் என் கையாலேயே சாக்கடையில் விட்டேனடி.

சீட்டு வந்த பிறகு கடிகாரம் சோதித்தார். குளித்துவிட்டு வந்திருக்கிறார், தடயம் எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதினார். அது போதாதென்று, உடலுறவுக்கு முன்பே பழக்கப்பட்டவர் என்று ஒரு வரி. அப்படி எழுதவே கூடாது, பாவி மனுஷன் எழுதினார். அவள் காத்திருந்த நேரமும் நானும் அந்த அறிக்கையில் இல்லை. நடந்தது நிஜமென்றால் வீட்டில் சாவகாசமாகக் குளித்துவிட்டா வருவாள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். டூட்டிப் பதிவேட்டில் என் கையெழுத்து இருந்ததால் எனக்கும் சம்மன் வந்தது. கடிகாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, குளிச்சிட்டுத்தான் வந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சிஸ்டர், நீங்க ரிட்டயர் ஆக ரெண்டு மாசம்தான் இருக்கு, எதுக்கு வம்பு என்றார். போனில் நீயும் அதையேதான் சொன்னாய். என் பிள்ளையா இப்படிப் பேசுகிறது என்று அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் மறைப்பானேன், இரண்டு நாள் எனக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று கூண்டில் ஏறினேன். குளித்துவிட்டுத்தானே வந்தாள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும், அவள் குளித்துவிட்டு வரவில்லை, நான்தான் குளிப்பாட்டினேன், உடுப்பைத் துவைத்ததும் நான்தான், அதற்கெல்லாம் முன்னால் டாக்டர் சீட்டு கேட்டு அவளை உட்கார வைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். நீதிபதி எழுதிக்கொண்டார், அடுத்த தேதி போட்டார். கேஸ் நிற்குமா தெரியாது, போன தடயம் போனதுதான். இன்று காலை எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமாம். அப்பா படித்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் அப்படியே குடித்துவிட்டேன்.

உன் முன்னால் அப்படி ஒருத்தி வந்து நின்றால் சீட்டு கேட்காதே, பெஞ்சில் உட்கார வைக்காதே, கதவைச் சாத்திவிட்டு முதலில் காயத்தைப் பார். நோய் வராமலிருக்க, கரு நிற்காமலிருக்க மாத்திரையை அன்றே கொடு. கண்டதை மட்டும் எழுது, அவள் எப்படிப்பட்டவள் என்று எழுத நீ யார், நான் யார். போலீஸ் வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு வைத்தியத்தைப் பார். பாவம் பார்க்கிறேன் என்று என்னைப் போல எதையாவது செய்துவைக்காதே.

கோர்ட்டு வராந்தாவில் அந்தப் பெண் என்னை நிறுத்தினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஏன் குளிச்சே, ஏன் குளிச்சேன்னு நாலு மாசமா போலீசும் அக்காவும் என்னைத்தான் திட்டினாங்க, உங்க வேலை போயிடுமேன்னு நான் சொல்லவே இல்ல என்றாள். எனக்காக எதுக்கும்மா இத்தனை பேச்சு வாங்கினே என்று கேட்டேன். அன்னைக்கு என்னைத் தொடலாமான்னு கேட்டுட்டுத் தொட்டது நீங்க ஒருத்தர்தான் என்றாள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. என் மேல் கோபம் இருந்தால் ஆறட்டும், ஆறின பிறகு போன் பண்ணு. நூறு வயசு நோய்நொடியில்லாமல் இரு, உன்னிடம் வருகிறவர்கள் நல்லபடியாக வீடு திரும்பட்டும். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா