குளியலறைத் தரையின் வாட்டம்

14-8-1962, செவ்வாய். வயது அறுபத்தெட்டு.

குளியலறையில் புதுக் கல் பதிப்பதற்காக நேற்றுப் போட்ட அடிக்கலவை இறுகிவிட்டது. மாலையில் எட்டிப் பார்த்தேன். கொத்தனார் நிமிர்ந்து, "ஏனுங்கம்மா, இப்ப வாட்டம் நல்லாத் தெரியுதுங்க" என்றார்.

"இந்த வயசுல மூஞ்சி பின்ன எப்படி இருக்கும்?" என்றேன்.

"தரையோட சரிவச் சொன்னேனுங்க. இனித் தண்ணி தேங்காதுங்க."

ஒரு சொம்பு நீரை ஊற்றிக் காட்டினார். அது நேராகச் சாக்கடைத் துளைக்கு ஓடிற்று. நானும் சிரித்துவிட்டேன், வழக்கமில்லை.

நாளை சொரசொரப்பான கல் பதிக்கிறார். இனிச் சுவரைப் பிடிக்காமல் குளிக்கலாம். இவ்வீட்டிலேயே தனியாகக் காலந்தள்ளலாம். மகன் சென்னைக்கு அழைத்து எழுதினால், வேண்டாமென்று தைரியமாக எழுதுவேன்.

போன மார்கழியில் நான் நொண்டியதை வாதம் என்றே அவன் நம்புகிறான். அது வாதமன்று. அந்தப் பழைய தரையில் தேங்கிய நீரில் வழுக்கி விழுந்தேன்.