பந்தின் மேல் ஒரு எழுத்து

மாசி 3, திங்கள்

காலையில் பனி. வாசல் கூட்டியாச்சு.

கோணல் எழுத்தை இந்த நோட்டு பொறுத்துக்கொள்ளணும். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. கை அறுபது வருசம் மண்வெட்டி பிடித்த கை. பென்சில் பிடித்து ஏழு மாதம்தான். மேலே உள்ள நாலு வரிக்கே ஒரு வெற்றிலை மென்று முடித்துவிட்டேன். ஆனாலும் நானே எழுதியது.

நான் யார் என்றும் எழுதிவிடுகிறேன், எழுத ஆசையாக இருக்கிறது. உத்தமபாளையத்தில் பொம்பளைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் காவல்காரன். மாட்டுவண்டியும் ஓட்டுவேன். எழுத்துச் சொல்லித் தருவது ராசாத்தி. வயது பதின்மூன்று. வருசநாட்டுப் பிள்ளை. அப்பன் இல்லை. ஆத்தாள் கம்பம்மெட்டு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கூலி.

இன்று பாடத்தில் திட்டு வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேனாம். "மனப்பாடம் பண்ணாதீக தாத்தா. எழுத்தப் பாத்துச் சொல்லுங்க." பக்கத்தைக் கையால் மூடிவிட்டாள். எனக்குச் சிரிப்பு.

மாசி 4, செவ்வாய்

வெயில். கிணற்றுக் கயிறு மாற்றணும்.

சாயங்காலம் சாப்ட்பால். அமெரிக்காவிலிருந்து வந்த மிஸ்ஸி அம்மா கொண்டுவந்த ஆட்டம். (இனி மி.அ. என்று எழுதுவேன், கை வலிக்கிறது.) பந்து விளாம்பழத்தை விடப் பெரிசு, உள்ளே போடிப் பக்கத்து இலவம்பஞ்சு. ஒருத்தி கையைக் கீழிருந்து வீசிப் போடுவாள். இன்னொருத்தி மட்டையால் அடித்துவிட்டு, நாலு மூலையில் கிடக்கிற கோணிச்சாக்கைச் சுற்றி ஓடணும். அவ்வளவுதான்.

ராசாத்திக்கு ஓட்டம் குதிரை. அடிதான் இல்லை. இன்று பத்துப் பந்து, பத்தும் காற்றில். மி.அ. சொல்லிவிட்டாள்: சனிக்கிழமை கம்பத்துப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம், வெள்ளிக்குள் பந்தைத் தொடாதவள் வண்டியில் ஏற முடியாது.

பிள்ளை முகம் செத்துப்போச்சு. காரணம் எனக்குத் தெரியும். கம்பம் வருகிறேன், நீ மெட்டு இறங்கி வா என்று ஆத்தாளுக்குப் போன வாரமே கடுதாசி போட்டுவிட்டாள். தபால் பெட்டியில் போட்டதே நான்தான். ஆடி மாதம் பார்த்த ஆத்தாள்.

மாசி 5, புதன்

ஒரு தப்புச் செய்தேன். எழுதிவிடுகிறேன்.

எழுதக் கற்றதிலிருந்து எதைப் பார்த்தாலும் எழுதத் தோன்றுகிறது. வாசல் கதவில் அ. தண்ணீர்ப் பானையில் த. மாட்டுக் கொம்பில் எழுத முடியவில்லை, மாடு நிற்கவில்லை. இன்று பந்தைத் துடைக்கக் கொடுத்தார்கள். துடைத்துவிட்டு, கரித்துண்டால் அதன் மேல் க போட்டேன். ஒரு பக்கம் போட்டதும் நன்றாக வந்தது. அதனால் நாலு பக்கமும் போட்டேன்.

மி.அ.வுக்குக் கோபம். இங்கிலீசில் ஏதோ சொன்னாள். நல்லவேளை புரியவில்லை. வேறு பந்து இல்லாததால் அதை வைத்தே ஆடினார்கள்.

ராசாத்தி வீசினாள். காற்று. மறுபடி வீசினாள். காற்று. பந்து போடுகிற எஸ்தர் சிரித்தாள்.

"ஏடி, தாத்தா எழுதின எழுத்தப் பாத்துப் பயந்துட்டியா?"

"எந்த எழுத்து?"

"பந்துல இருக்குல்ல."

"பந்துல ஏதுடி எழுத்து?"

எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். பூசணிக்காய் மேல் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி அவ்வளவு பெரிய க.

"நீ கண்ண மூடுற," என்றாள் எஸ்தர்.

"மூடல. பொய் சொல்லாத."

பிறகு நான் வேலியோரம் நின்று கவனித்தேன். மூடத்தான் செய்கிறாள். மட்டையை வீசுகிற நேரத்தில் முகம் இடது பக்கம் திரும்புகிறது, கண் இறுக மூடுகிறது. எங்கேயோ பார்த்த திருப்பம். மாட்டுக்குத் தீனி வைக்கும்போது பிடிபட்டது. கதிரடிக் களம். நெற்கட்டை ஓங்கிக் கல்லில் அடிக்கும்போது மணியும் தூசும் கண்ணில் தெறிக்கும். அதனால் அடி விழுமுன் முகம் தானாகத் திரும்பிவிடும். நானும் அப்படித்தான் அடித்தேன். ஏழு வயதிலிருந்து களத்தில் நின்ற பிள்ளை. அவளுக்கே தெரியாமல் செய்கிறாள். இது மி.அ.வுக்கு எப்படித் தெரியும், அவள் நெல் அடித்தவளா.

ராசாத்தியிடம் சொன்னேன். "நீங்களும் அவுக பக்கமா," என்று போய்விட்டாள். பாடம் இல்லை இன்று.

மாசி 6, வியாழன்

காற்று. கூரை ஓலை ஒன்று பறந்தது.

காலையில் அவளே வந்தாள். கையில் பந்து, ஈரத்துணி, கரித்துண்டு.

"தாத்தா, ஒரு எழுத்துப் போடுங்க. எனக்குக் காட்டாம."

போட்டேன். எஸ்தர் வீசினாள். அடித்ததும் என்ன எழுத்து என்று சொல்லணும், அதுதான் பிள்ளைகள் போட்ட சட்டம். பந்து பட்டதா இல்லையா என்று யாரும் கேட்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் துடைத்து வேறு எழுத்து.

ப: தெரியலை.
ட: தெரியலை.
ம: தெரியலை. உட்கார்ந்து அழுதாள். "நெசமாத்தான் மூடுறேன் தாத்தா."
ர: "கால் வச்ச எழுத்து" என்றாள். பாதி சரி.
வ: "வ" என்றாள். வ தான். பந்து படவில்லை, ஆனாலும் எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்குத்தான் பெரிய வேலை. வேகமாக எழுதணும். எழுதி எழுதிக் கை கரி. வேட்டியும் கரி.

மாசி 7, வெள்ளி

மி.அ. முன்னால். ஐந்து பந்து. நாலு எழுத்துச் சொன்னாள். மூன்று பந்தைத் தொட்டாள், ஒன்று வாசலைத் தாண்டியது. நான் போய் எடுத்துவந்தேன். மி.அ. என்னைப் பார்த்துச் சிரித்து, கரித்துண்டு ஒன்றை என் கையில் வைத்தாள். கோபம் போயிருக்கும் போல.

வண்டிக்கு: வைக்கோல், மட்டை 2, பானை, புளிச்சோறு, கோணி 4, அச்சுக்கு எண்ணெய். ராசாத்தி.

மாசி 9, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. ஆள் அலுப்பு, மாடும் அலுப்பு.

கம்பத்தில் மைதானத்தை ஒட்டி வாழைத்தோட்டம். வண்டி நிறுத்திய இடத்தில் ஒரு பொம்பளை, கையில் ஏலக்காய் மணக்கிற துணிமுடிச்சு. "பாளையத்து வண்டியா அய்யா? எம்மக ராசாத்தி வந்திருக்காளா?" விடியுமுன் மெட்டு இறங்கியிருக்கிறாள். நான் கையைக் காட்டினேன். ஆட்டம் நடக்கும்போது கூப்பிடக்கூடாது என்றேன். தலையை ஆட்டினாள். முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ராசாத்தி முறை. முதல் பந்து காற்று. இரண்டாவது காற்று. மூன்றாவதும் போனால் அவ்வளவுதான். என் கை கரித்துண்டைத் தேடுகிறது, மடியில் இல்லை.

சத்தம் கேட்டது. பந்து வாழைத்தோட்டத்துக்குள். பிள்ளை ஓடுகிறாள், கோணி கோணியாக.

பக்கத்தில் திரும்பினேன். ஆத்தாள் முகத்தை இடது பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடி நிற்கிறாள்.

"பட்டுச்சா அய்யா?"

"பட்டுச்சு ஆத்தா. கண்ணத் தொற. ஓடுறா பாரு."

பார்த்தாள். கடைசிக் கோணிக்கு வந்ததைப் பார்த்தாள்.

ஆட்டத்தில் தோற்றோம், இரண்டு ஓட்ட வித்தியாசத்தில். ராசாத்தி மூச்சு வாங்க எங்களிடம் வந்தாள். ஆத்தாளைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேலே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தாத்தா, அவுக பந்துல எழுத்தே இல்ல. வெறும் வெள்ளை."

வெறும் வெள்ளைதான்.

புறப்படும்போது ஆத்தாள் கேட்டாள், "பிள்ள எப்படி இருக்குன்னு யாராச்சும் ஒரு வரி எழுதிப் போடுவாகளா? அவ எழுதினா நல்லதத்தான் எழுதுவா. தோட்டத்துல கணக்கப்பிள்ள வாசிச்சுக் காட்டுவாக."

"நான் எழுதுறேன் ஆத்தா, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம," என்றேன். சொல்லிவிட்டேன். ழ இன்னும் சரியாக வரவில்லை. ஏழு நாள் இருக்கிறது.