பாக்கெட்டில் என் முகம்

தை 21, செவ்வாய்.

போன வருஷம் அருப்புக்கோட்டைப் பருப்புக்கடை முதலாளி எங்கள் காட்டுக்கு வந்து, துவரைச் செடிகளுக்கு நடுவே என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். 'நம்ம மண்ணு துவரை' என்ற பாக்கெட்டில் என் முகத்தைப் போட்டார். இந்த வருஷம் என் துவரையை வாங்கவில்லை. "கனடாப் பட்டாணி கப்பல் கப்பலா வருது. ஒன் துவரைய யாரு கேக்குறா?" என்றார்.

இன்று இன்னொரு முறை கேட்கப் போனேன். கடைக்குப் பின்னால், கனடா என்று அச்சடித்த சாக்கிலிருந்து பார்வைக்குத் துவரம்பருப்பு மாதிரியே இருக்கும் பட்டாணிப் பருப்பை அள்ளி, என் முகம் போட்ட பாக்கெட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். காலிச் சாக்கு ஒன்றை உருவிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன்.

"பாக்கெட்டுல இருக்கது நாந்தான். உள்ள இருக்கது நான் வெளைய வச்சதில்ல. இந்தச் சாக்கப் பாருங்க!"

வாங்க வந்தவர்கள் பாக்கெட்டுகளைத் திரும்ப வைத்தார்கள்.

சாயங்காலம் முதலாளியே எங்கள் ஊர் பரளச்சிக்கு, வீடு தேடி வந்துவிட்டார். "ஒங்க துவரை பூராத்தையும் எடுத்துக்கிறேம்மா."

"மாட்டுக்குப் போட்டாலும் போடுவேன், ஒங்களுக்குத் தரமாட்டேன்."

வந்த வியாபாரத்தை விட்டுவிட்டேன் என்ற கோபத்தில் என் வீட்டுக்காரர் திண்ணையில் போய்ப் படுத்துவிட்டார். மூட்டைகள் கட்டில் உயரத்துக்குக் கிடக்கின்றன. யார் வாங்குவார்கள் என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த மனிதர் தலை நிமிராமல் வாசலில் செருப்பைத் தேடியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.